துயிலாமை இயல்: குறிஞ்சாக்கேணிக் கணினி ஒன்றின் உறக்கம் பற்றிய ஆராய்ச்சி

ஆணை கேட்டும் அடங்கா தியங்கல்
பொறியின் குற்றம் அன்றே, அதனை
எழுப்புவோர் பலராய் இருத்தலின் குற்றம்.

உரை: இந்தச் சூத்திரத்தை எந்த ஏட்டிலும் தேட வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் நானே செய்தது. முப்பது வருடம் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்து இளைப்பாறியவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் ஒரு சூத்திரம் கட்டி, அதற்கு ஓர் உரையும் எழுதினால்தான் மனம் அடங்கும். விளங்கிய விஷயத்துக்கு உரை சுருங்கும், விளங்காததற்கு நீளும். இது நீளமான உரை.

என்ன கூறிற்றோ எனின், கணினியை ‘ஹைபர்னேட்’ ஆகச் சொன்ன பிறகு அது ஆகாமல் கிடப்பதும், ஆனதுபோலக் காட்டி நடுச்சாமத்தில் தானே எழும்புவதும் ஆகிய இரு குற்றங்களுக்கும் காரணம் கூறிற்று. அற்றேல், ‘பொறியின் குற்றம் அன்றே’ என்று பொறிக்காகப் பரிந்து பேசியது ஏன் எனின், அதன் விலையைக் கொடுத்தவன் நான் என்பதனால் என்க.

ஆய்வுப் பொருள் ஒரு மேசைக் கணினி. வயது ஒன்பது. விண்டோஸ் 10. நினைவகம் 8 ஜிபி. இருப்பிடம் திருகோணமலை மாவட்டம், கிண்ணியாப் பிரதேசம், குறிஞ்சாக்கேணியில் எங்கள் வீட்டு முன்னறை. அங்கே நீளமான பலகை மேசை ஒன்று உண்டு. அதன் இடது கரையில் கணினி. வலது கரையில் மனுசியின் தையல் மெசின். இரண்டும் ஒரே மேசையில் இருப்பதை வாசகர் மறந்துவிடக் கூடாது. கணினிக் கேசின் பின்பக்க ஓட்டையால் ஒரு பல்லி போய்வருகிறது. இந்த நோயில் பல்லியின் பங்கு என்ன என்பதை உரிய இடத்தில் விரித்துரைப்பேன்.

ஊர்ப்பெயரைப் பிரித்தால் குறிஞ்சா என்னும் கொடியும் கேணியும் வரும். சிறுகுறிஞ்சா இலையை மென்று துப்பிவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு நாக்கு இனிப்பை அடியோடு மறந்துவிடும். கணினியின் நினைவகத்துக்கும் அதே குணம்தான். கரண்ட் போன கணத்தில் அதுவரை அறிந்ததெல்லாம் மணல். மறக்குமுன் எல்லாவற்றையும் வன்தட்டில் ஒரே கோப்பாக எழுதிவைத்துவிட்டு, முற்றாக அணைந்து, பிறகு எழும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் ஹைபர்னேட். அந்தக் கோப்பின் பெயர் ‘ஹைபர்ஃபில்’. விண்டோஸ் 10 அதற்காக நினைவகத்தின் நாற்பது வீதமளவு இடத்தை ஒதுக்கும். என் கணினிக்கு மூன்று ஜிபிக்குச் சற்று மேல்.

இந்த வித்தை எனக்குத் தேவைப்பட்டது ஒரு குரங்கினால். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதென்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். நாடு முழுவதும் கரண்ட் போனது. மேற்குக் கரையில் குரங்கு தொட்ட அந்த நொடியில், கிழக்குக் கரையில் பள்ளிவாசல் நிர்வாகத்துக்காக நான் தட்டிக்கொண்டிருந்த ஐந்து பக்கக் கணக்கறிக்கை காற்றோடு போனது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது எனக்கு இந்த நட்டம் வரவில்லை. அப்போது வெட்டும் நேரத்தை முன்கூட்டி அறிவித்தார்கள். குரங்கு அறிவிப்பதில்லை. ஆகவே யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். அது பத்து நிமிடம் தாங்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் கணினியைத் துயிலவைப்பதே திட்டம். கணினி துயிலவில்லை.

இனிச் சொல்லாராய்ச்சி. ‘ஹைபர்னேட்’ லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதன் பொருள் மாரியைக் கழித்தல். பனி விழும் தேசத்தில் சில பிராணிகள் கொழுப்பைத் தின்று சேர்த்துக்கொண்டு பொந்துக்குள் படுத்துவிடும். நம் மாவட்டத்தில் பனியும் இல்லை, பொந்தில் படுக்கும் கரடியும் இல்லை. மாரி என்றால் இங்கே ஐப்பசி தொடங்கி அடிக்கும் வாடைமழை. அந்தக் காலத்தில் உறங்குவதற்குப் பதிலாகக் கூரை ஒழுகும் இடத்துக்குப் பாத்திரம் வைப்போம். அப்படியானால் இந்தச் சொல்லுக்கு இம்மண்ணில் பொருளே இல்லையா எனின், உண்டு. ஆனால் அது மாரியில் இல்லை, கோடையில்.

சிறு வயதில் ஆவணி மாதம் வில்லு வற்றிச் சேறு வெடித்துக் கிடக்கும்போது வாப்பாவோடு மண்வெட்டி கொண்டுபோவோம். மேலே காய்ந்த ஓடு. இரண்டு கொத்துக் கொத்தினால் கீழே கறுப்பான ஈரம். அதற்குள் கையை விட்டால் வழுக்கலாக ஒன்று மெதுவாகத் திரும்பும். விரால். தண்ணீர் இல்லாத மாதங்களில் சேற்றுக்குள் புதைந்து, அசையாமல், நேரே காற்றையே மூச்செடுத்து உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மழை விழுந்து வில்லு நிறைந்ததும் எதுவும் நடக்காததுபோல வெளியே வந்து நீந்தும். கணினிக்காரர்கள் சொல்லும் ஹைபர்னேட் சொட்டும் பிசகாமல் இதுதான். லத்தீன் தெரிந்தவர் இதைக் ‘குளிர்கால உறக்கம்’ என்று மொழிபெயர்ப்பார். அது இந்த ஊருக்குப் பொருந்தாது. ‘விரால் துயில்’ என்பதே சரியான கலைச்சொல் என இக்கட்டுரை முன்மொழிகிறது. கலைச்சொல் குழு எதுவும் இதைக் கேட்கவில்லை.

விரால் துயிலைப் பிற துயில்களோடு மயங்கக் கூடாது. இன்டெல், மைக்ரோசொஃப்ட், தொஷிபா மூவரும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ என்னும் விதிநூல் கணினியின் உறக்கத்தைப் படிப்படியாக வகுத்து எண் கொடுத்திருக்கிறது. எஸ்3 என்பது ‘ஸ்லீப்’, கோழித்தூக்கம். நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும், தொட்டால் விழிக்கும், பிளக்கைக் கழற்றினால் மறதி. எஸ்4 என்பது விரால் துயில். எஸ்5 மௌத்து. விண்டோஸ் 2000 வந்த நாள் முதல் இயங்குதளமே எஸ்4 ஐச் செய்துகொடுக்கிறது. எக்ஸ்பியில் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். அணைக்கும் பெட்டி வந்ததும் ஷிஃப்ட் பொத்தானை அமுக்கினால்தான் ‘ஸ்டான்ட்பை’ மறைந்து ஹைபர்னேட் தலைகாட்டும். விண்டோஸ் 10 இலும் அது பட்டியலில் தானாக இருக்காது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் தேடிப்போய்ச் சரி அடையாளம் போட வேண்டும். 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல் இன்னொரு கூத்து: விரைவாக எழும்பவேண்டும் என்பதற்காக, ‘ஷட்டவுன்’ கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி கோப்பாக எழுதப்பட்டு வைக்கப்படும். அதாவது மௌத்தாகு என்றாலும் பாதிதான் மௌத்தாகும். ஒரு சொல்லைச் சொன்னபடி செய்யாத குணம் அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் துணிபு.

துயிலாமை பற்றி முன்னோர் என்ன சொன்னார்கள் என்று தேடினேன். அவர்களுக்கு எதிர்மாறான பிரச்சினையே இருந்திருக்கிறது. கோணேசர் மலையில் இராவணன் வெட்டைக் காட்டும் நம் மாவட்டத்துக்கு அவன் தம்பி கும்பகர்ணன் அந்நியன் அல்லன். அவன் உறங்குவதில் தடையேதும் இருக்கவில்லை. எழுப்புவதற்குத்தான் யானையும் முரசும் வேண்டியிருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீடுகளில் ஓதப்படும் குகைத்தோழர் வரலாற்றில் உறக்கம் முன்னூற்று ஒன்பது வருடம். எழும்பியவர்களுக்கோ ஒரு நாளோ அதில் ஒரு பகுதியோ உறங்கியதாகவே தோன்றியது. புனிதமான அந்த வரலாற்றை என் கணினியோடு ஒப்பிட எனக்குத் துணிவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: தாய்ப்பலகையில் இருக்கும் வட்டமான மூன்று வோல்ட் பற்றரி செத்துவிட்டால், எழும்பும் கணினிக்கும் திகதி தெரியாது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பஸ்ஸில் போகும்போது கண்டிருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை காடு மூடிப் பல பத்தாண்டுகள் கிடந்தன. அவற்றை எழுப்ப 2022 ஜனவரியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பெரியவை துயின்றன, எழுப்ப ஆளிருக்கவில்லை. சின்னதைத் துயிலவிட ஆளில்லை.

என் கணினியின் துயிலாமைக்குக் காரணம் ஜின் என்றார் மாமியார். அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆயினும் ஜின்னுக்கு டாஸ்க் ஷெடியூலர் எதற்கு என்ற கேள்வி நிற்கிறது. அதைப் பின்னால் காண்க.

பரிசோதனைக்குத் துணை நின்றவர் தங்கச்சியின் மகன். கிண்ணியாப் பக்கம் போட்டோகொப்பிக் கடையொன்றில் வேலை. அங்கிருந்து இங்கு வரக் களப்பைக் கடக்க வேண்டும். (2021 நவம்பர் 23 அன்று படகு கவிழ்ந்து அந்தத் தண்ணீரில் போன பிள்ளைகளுக்குப் பிறகு, களப்பைக் கடப்பது பற்றி இந்த ஊரில் யாரும் பகிடி எழுதுவதில்லை. இக்கட்டுரையும் எழுதாது.) வந்தவர் நான் செய்வதை ஒரு தடவை பார்த்தார்.

“மாமா, நீங்க அமத்தினது ஸ்லீப். ஹைபர்னேட் இல்ல.”

மூன்று மாத ஆய்வு அத்துடன் சரிந்தது. ஆய்வாளர் இதைத் ‘தரவுத் திருத்தம்’ என்று குறித்துக்கொண்டார்.

அவர் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ என்று தொடங்கும் கட்டளைகளை அடித்தார். கணினியை வாக்குமூலம் கொடுக்கவைக்கும் கட்டளைகள் அவை. ‘லாஸ்ட்வேக்’ என்றால் கடைசியாக உன்னை எழுப்பியது யார் என்று கேட்பது. ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்றால் இப்போது உன்னை உறங்கவிடாமல் பிடித்திருப்பது யார். இன்னொன்று, உன்னை எழுப்ப உரிமை பெற்ற சாதனங்கள் எவை என்பது. அவற்றுக்கு மைக்ரோசொஃப்ட் வைத்திருக்கும் பெயர் ‘வேக் ஆர்ம்ட்’: எழுப்புவதற்கு ஆயுதம் தரித்தவை. சாமத்தில் கதவைத் தட்டி எழுப்பிய ஆயுதம் தரித்தவர்களை எங்கள் வயதுக்காரர் கண்டிருக்கிறோம். அந்தச் சொல்லைத் திரையில் கண்டதும் நான் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

பட்டியலில் இருந்தவை மூன்று: மவுஸ், கீபோர்ட், நெட்வேர்க் கார்ட்.

மவுஸ் விவகாரம்தான் இந்த ஆய்வின் உச்சம். கோழித்தூக்கத்தில் இருக்கும் கணினி இரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் ஏழெட்டுத் தடவை விழிக்கும். நோன்புப் பெருநாள் நெருங்க நெருங்க இன்னும் கூடும். பெருநாளுக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு? மருமகன் மவுஸை உயர்த்தி அதன் வயிற்றைக் காட்டினார். சிவப்பு வெளிச்சம். அந்த வெளிச்சம் மேசையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மேசை ஒரு மயிரிழை அசைந்தாலும் யாரோ மவுஸை நகர்த்தியதாக எண்ணிக் கணினியைத் தட்டி எழுப்பும். அந்த நேரம் பார்த்து மேசையின் மறுகரையில் மனுசி ஒரு சட்டைக் கைக்கு ஓரம் அடித்தார். மெசின் கடகடத்தது. மேசை அதிர்ந்தது. மவுஸ் பக்கத்திலிருந்த டீக் கோப்பையில் சின்ன வட்டங்கள் எழும்பின. திரை வெளித்தது.

மூவரும் அதைப் பார்த்தோம். “இதுக்குத்தானா ஜின்னெண்டு சொன்னீங்க?” என்று மனுசி கேட்டது எவரை என்பது இன்றுவரை தெளிவில்லை. பெருநாளுக்கு ஊருக்குத் தைப்பவரைத் தைக்க வேண்டாம் என்று சொல்லும் ஆராய்ச்சி எந்தத் துறையிலும் இல்லை. ஆகவே டிவைஸ் மனேஜரில் மவுஸின் பக்கத்தைத் திறந்து, ‘இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம்’ என்பதிலிருந்த சரி அடையாளம் நீக்கப்பட்டது. மவுஸ் ஆயுதத்தைக் கீழே வைத்தது.

நெட்வேர்க் கார்டின் கதை சின்னது. தூரத்தில் இருப்பவர் கம்பி வழியே கணினியை எழுப்ப ஒரு செய்திப் பொட்டலம் உண்டு: எஃப்எஃப் என்று ஆறு முறை, அதன் பின் அந்தக் கணினியின் முகவரியைப் பதினாறு முறை. மொத்தம் 102 பைட். சந்தியில் நின்று ஒருவர் பெயரைப் பதினாறு தரம் கூப்பிட்டால் எழும்பாதவர் யார்? என்னைத் தூரத்திலிருந்து எழுப்ப எவரும் இல்லை. அந்த அடையாளமும், கூடவே கீபோர்டின் அடையாளமும் நீக்கப்பட்டன.

பிறகு இரண்டு மணி. தினமும் சாமம் இரண்டுக்கு முன்னறை வெளிச்சமாகும். மனுசிதான் முதலில் கண்டார். “கொம்பியூட்டரே தஹஜ்ஜுத்துக்கு எழும்புது. நீங்க சுபஹுக்கே உருண்டு படுக்கிறீங்க.” விண்டோஸ் 10 தன் தானியங்கிப் பராமரிப்புக்கு வழக்கமாக வைத்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. அதற்காகக் கணினியை எழுப்பும் அனுமதியும் அங்கேயே இருந்தது. அதையும் நீக்கினோம். டாஸ்க் ஷெடியூலர் என்று முன்னர் சொன்னது இதைத்தான். எந்த இரண்டு மணி என்று கேட்பதற்கு இந்நாட்டவருக்கு உரிமை உண்டு. 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணி பின்னிழுத்தார்கள், 2006 ஏப்ரலில் பழையபடி விட்டார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இடையில் எதுவும் மாறவில்லை. இது கிளைக்கதை. நான் கவனித்தது வேறு. 2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவை நிறுத்திவிட்டது. அதன் பிறகும் என் கணினி பராமரிப்புக்காக இரண்டு மணிக்கு எழும்பிக்கொண்டுதான் இருந்தது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இளைப்பாறி நாலு வருடமான பின்னும் ஆறரைக்குச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பவனுக்குச் சொல்ல உரிமை இல்லை.

அரை மணித்தியாலம் சும்மா விட்டால் தானாக உறங்க வேண்டிய கணினி பல இரவுகள் உறங்காததற்குப் பிரின்டர் காரணம். ‘ரிக்வெஸ்ட்ஸ்’ கேட்டபோது அச்சு வரிசையைக் கவனிக்கும் நிரல் கையைத் தூக்கியது. திறந்து பார்த்தால், தாள் முடிந்த ஒரு நாளில் பாதியில் நின்ற கடிதம் ஒன்று இன்னும் வரிசையில் நிற்கிறது. யாருக்கு எழுதியது என்பதும் மறந்துபோயிற்று. அதை நீக்கினோம்.

இவ்வளவும் கோழித்தூக்கத்தின் நோய்கள். உண்மையான விரால் துயிலை ஏவியபோது வந்த நோய் வேறு. திரை கறுக்கும், மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், பவர் வெளிச்சம் அணையாது, விடிய எதைத் தட்டினாலும் பேச்சில்லை. பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்துக் கொல்ல வேண்டும். கணினி தன் நாட்குறிப்பில் இதையெல்லாம் எண் போட்டு எழுதிவைத்திருந்தது: 42 என்றால் உறங்கப் போனேன், 41 என்றால் முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் எழுந்தேன். என் கணினியின் குறிப்பில் 42, 41, 42, 41 என்று பக்கம் பக்கமாக இருந்தது. உறங்கப் போனேன், கொன்றார்கள். உறங்கப் போனேன், கொன்றார்கள். வாசிக்கவே ஒருமாதிரி இருந்தது.

இங்கே மூன்று மருந்து. முதலில் கேசைத் திறந்து நினைவகப் பலகைகளைக் கழற்றினோம். உப்புக்காற்றில் பொன்னிறப் பற்கள் மங்கிப் போயிருந்தன. பேத்தியின் பென்சில் பெட்டியிலிருந்து அழிறப்பரை எடுத்து, மருமகன் ஒவ்வொரு பல்லையும் ஒரே திசையில் தேய்த்தார். தூளை ஊதிவிட்டு, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினார். அடுத்தது, ஹைபர்ஃபில் கோப்பு பழுதாகியிருக்கலாம் என்று அந்த வசதியை ஒரு தடவை நிறுத்தி மீண்டும் தொடங்கச் சொன்னார். நிறுத்துவது நடந்தது. தொடங்க மறுத்தது: வட்டில் இடமில்லை. தேடினால், அந்த மருமகனுடைய கலியாண வீடியோ மூன்று இடங்களில் மூன்று பிரதி.

“மாமா, மூண்டையும் ஏன் வச்சிருக்கீங்க?”

“நீதான் மூண்டு தரம் கொண்டந்து ஏத்தினாய்.”

இரண்டு பிரதி நீங்கியது. துயில் கோப்புக்கு இடம் கிடைத்தது. கடைசியில் வீடியோ கார்டின் பழைய ட்ரைவரைக் கழற்றிப் புதியதைப் போட்டோம். ட்ரைவர் என்பது சாதனத்துக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளன். எல்லோரும் உறங்குங்கள் என்று தளம் அறிவிக்கும்போது ஒருவன் ‘சரி’ என்று பதில் சொல்லாவிட்டால் மற்ற எல்லோரும் அவனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது அந்தக் காத்திருப்பு.

அன்றிரவு ஹைபர்னேட் கொடுத்தேன். திரை கறுத்தது. வன்தட்டின் சின்ன வெளிச்சம் கொஞ்சநேரம் படபடத்தது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்துமூன்றில் மின்விசிறி இழுத்து மூச்சு விட்டு நின்றது. தையல் மெசின் கடகடத்தது, திரை அசையவில்லை. இரண்டு மணிக்கு நான்தான் விழித்துப் போய்ப் பார்த்தேன். முன்னறை இருட்டு.

ஆகவே சூத்திரம் நிறுவப்பட்டது. எழுப்பும் உரிமை இப்போது வீட்டில் ஒருவருக்கு மட்டும், பவர் பொத்தானை அமுக்குபவருக்கு. இதே முறையை எனக்கும் பிரயோகிக்கலாமா என்று மனுசியிடம் விண்ணப்பித்தேன். ஆட்டுக்கு இலை ஒடிக்கப் போகும்படி பதில் வந்தது.

பல்லி பற்றிய பகுதி எங்கே என்று கேட்கும் வாசகருக்கு: அது நான்கு பக்கம் இருந்தது. நேற்றிரவு எழுதி முடித்து, சேமிக்காமல் ஹைபர்னேட் கொடுத்துவிட்டுப் படுத்தேன். இன்று காலை கணினி விட்ட இடத்திலிருந்து எழும்பவில்லை, முதலிலிருந்து எழும்பியது. நாட்குறிப்பில் 42, அதற்குக் கீழே 41. கேசைத் திறந்து பார்த்தோம். பல்லியையும் காணவில்லை.